நாலு கம்பி... கொஞ்சம் உப்பு!

மக்களே, ஒரு சின்ன டெஸ்ட். 'மூடுபனி' படத்துல ஜேசுதாஸ் பாடின 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை முதல்ல செல்போன் ஸ்பீக்கர்ல கேளுங்க. அப்புறம் நல்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு அதே பாட்டைக் கேளுங்க. ரெண்டாவது தடவை, அடியில யாரோ நிதானமா நடந்து போற மாதிரி ஒரு சத்தம் புதுசா கேட்குதா? அவர்தான் இந்த வார ஹீரோ... பேஸ் கிட்டார்! 1980-ல வந்த அந்தப் படம் இளையராஜாவுக்கு நூறாவது படம். இத்தனை வருஷமா அந்தப் பாட்டை முணுமுணுக்கிறோம். ஆனா, அந்த அடிக்குரலைத் தனியா கவனிச்சவங்க எத்தனை பேர்?

செல்போன்ல ஏன் கேட்கலை? சிம்பிள் ஃபிசிக்ஸ் பாஸ். பேஸ் கிட்டாரோட தடிச்ச கம்பிக்குப் பேரு 'ஈ'. அதைச் சும்மா மீட்டினா செகண்டுக்கு 41 தடவை அதிரும். நகம் சைஸ்ல இருக்கிற செல்போன் ஸ்பீக்கரால அவ்வளவு கீழே இறங்கிக் காத்தைத் தள்ள முடியாது. அது மேல்ஸ்வரங்களை மட்டும் அனுப்பும். மிச்சத்தை நம்ம மூளையே ஊகிச்சு நிரப்பிக்கும். ஸோ, பாட்டைக் கேட்டுப் பழகுறவங்க முதல்ல வாங்க வேண்டியது கிட்டார் இல்லை, ஒரு நல்ல ஹெட்போன்!

காலேஜ் பேண்டுல பேஸ் வாசிக்கிறவன் கதையும் கிட்டத்தட்ட இதேதான். லீட் கிட்டார் வாசிக்கிறவனுக்குக் கைதட்டல். பாடுற பொண்ணுக்கு விசில். நம்மாளுக்கு? 'நீ வாசிச்சியா மச்சி, ஒண்ணும் கேட்கலையே!' ஆனா, பாட்டு நடுவுல அவன் கையை எடுத்துட்டா போதும். டிரம்ஸ் தனியா தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கும், பாட்டு சட்டுனு இளைச்சுப் போயிடும். என்ன குறையுதுனு ஆடியன்ஸுக்குச் சொல்லத் தெரியாது. ஆனா, ஏதோ குறையுதுனு தெரிஞ்சிடும். இருக்கும்போது தெரியாது, நின்னா தெரியும். அதனால, பேஸ் சமாசாரம் எதை வாங்கினாலும் ஒரே ஒரு கேள்விதான்: ராத்திரி பதினோரு மணிக்கு, கடலோர மேடையில, இது நிக்காம ஓடுமா?

வாசிக்க என்ன இருக்கு?

கவர் பேண்டுனா இங்கிலீஷ் ராக் மட்டும்தான்னு நினைக்காதீங்க. ஊர்த் திருவிழாவுல பாடுற லைட் மியூசிக் ட்ரூப் என்னவாம்? அடுத்தவங்க பாட்டை அச்சு அசலா வாசிக்கிற கவர் பேண்டுதானே! அங்கே பேஸ் பார்ட்டிக்குப் பாடப் புத்தகமே இளையராஜாதான். அவரே கிட்டார் கலைஞரா இருந்து வந்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தானே நோட்ஸ் எழுதுறவர். பாட்டுக்கு அடியில இன்னொரு பாட்டு ஓடுற மாதிரி பேஸுக்கும் தனி மெட்டு போட்டுடுவார். அவர் குழுவுல பல வருஷம் பேஸ் வாசிச்சவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டுகள்ல அந்தப் பேரு கீத் பீட்டர்ஸ். ரஹ்மான் மேடைகள்ல கலக்கின இன்னொருத்தர் மோஹினி டே. 1996-ல மும்பையில பிறந்தவங்க, சின்ன வயசுலயே பேஸைத் தூக்கினவங்க. 'பேஸ் எல்லாம் பசங்க வாத்தியம்'னு யாராச்சும் சொன்னா, அவங்க வீடியோ ஒண்ணைப் போட்டுக் காட்டுங்க... கப்சிப் ஆயிடுவாங்க!

எங்க ஊர் கீழ்புத்துப்பட்டு. ஈ.சி.ஆர். ரோட்டுல மரக்காணம் தாண்டி புதுச்சேரிக்குப் போற வழி. இங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. அதனால இந்தப் பக்கம் பேண்ட் வெச்சிருக்கிறவங்க பைலாவும் கத்துக்கணும். 'சுராங்கனி'யைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன சிலோன் மனோகரை யாரு மறப்பா? பைலா ஆறு எண்ணிக்கைத் தாளம். டிரம்ஸ்ல கால் மிதிக்கிற பெரிய டிரம்முக்கும் பேஸுக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி வந்தாலும் ஆடுறவங்க கால் தடுக்கிடும். பேஸ் வாசிக்கிறவனுக்கு இதைவிடக் கறாரான பரீட்சை கிடையாது.

உப்பு செய்யிற வேலை

இப்ப மெயின் மேட்டர். மரக்காணம் பக்கம் போனா பாத்தி பாத்தியா உப்பளம். இந்தப் பக்கம் கடல். வெயிலும் காத்தும் உப்பு விளையறதுக்கு நல்லது. கிட்டாருக்கு? எமன்!

மழைக்காலத்துல சமையலறை உப்பு ஜாடி கசகசனு ஆகுறதைப் பார்த்திருப்பீங்க. காத்துல ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவிகிதத்தைத் தாண்டினா, உப்பு ஈரத்தை இழுத்துத் தானே தண்ணியாக் கரைஞ்சிடும். கடலோர ராத்திரிக்கு 75 எல்லாம் ஜுஜுபி. கடல்காத்துல வர்ற பொடி உப்பும், விரல் வியர்வையில இருக்கிற உப்பும் கம்பிச் சுத்துக்கு நடுவுல உட்காந்துக்கும். ராத்திரியானா கரைஞ்சு உப்புத்தண்ணி ஆகும். உள்ளே இருக்கிறது எஃகு. அப்புறம் என்ன... துரு!

துருப்பிடிச்ச கம்பி கணீர்னு பேசாது, ஸ்ருதியில நிக்காது, ஃப்ரெட்டையும் அராவிடும். அடுத்து, கேபிள் சொருகுற ஜாக். அதுல பச்சை படிஞ்சா மேடையில கரகரனு ஒரு பின்னணி இசை இலவசம். அப்புறம், பிரிட்ஜ்ல இருக்கிற குட்டி ஸ்க்ரூ. ஒருதடவை துருவேறி இறுகிட்டா கம்பி உயரத்தை மாத்தவே முடியாது.

மருந்து பெரிசா ஒண்ணுமில்லை. வாசிச்சு முடிச்சதும் காஞ்ச பருத்தித் துணியால ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைங்க. பையில சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலு போடுங்க. ஷூ டப்பாவுல வருமே, அதேதான். பிரிட்ஜ் ஸ்க்ரூவுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. மரத்துல படவேண்டாம். அழுக்கேறி மந்தமான கம்பியைக் கழட்டி வெந்நீர்ல கொதிக்க வெச்சு, நல்லா காயவெச்சு மாட்டுறது உலகம் பூரா பேஸ் வாசிக்கிறவங்க செய்யிற சிக்கன வைத்தியம். ஆனா, துரு ஏறிட்டா அந்த வைத்தியமும் பலிக்காது.

கடைக்குப் போறீங்களா?

1951-ல லியோ ஃபெண்டர் 'ப்ரிசிஷன் பேஸ்'னு ஒண்ணைச் சந்தைக்கு விட்டார். நாலு கம்பி, 34 இஞ்ச் ஸ்கேல். இன்னிக்கும் கடையில தொங்குற முக்கால்வாசி பேஸுக்கு அதுதான் தாத்தா. அந்த டிசைன்ல வர்ற சாதா நாலு கம்பி மாடல் நம்ம கடற்கரைக்கு டபுள் ஓகே. ஏன்னா, அதுல பாட்டரி இல்லை. 'ஆக்டிவ்'னு விக்கிற மாடல்கள்ல 9 வோல்ட் பாட்டரி இருக்கும். கேபிளைச் சொருகி வெச்சாலே அது கரைய ஆரம்பிச்சிடும். ரிகர்சல் முடிஞ்சு கேபிளை உருவ மறந்துக்கிட்டே இருந்தா, ஒருநாள் மேடையில மௌன விரதம்தான்!

அஞ்சு கம்பி வேணுமா? பாடுறவங்க 'டி' ஸ்ருதியில பாடினா நாலு கம்பியில அடி 'டி' கிடையாது. ஒரு ஸ்தாயி மேல வாசிக்கணும், இல்லைன்னா கம்பியைத் தளர்த்தணும். ட்ரூப்ல பாடகருக்குப் பாடகர் ஸ்ருதி மாத்துவாங்க. வாராவாரம் கச்சேரி இருந்தா அஞ்சு கம்பி உதவும். காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு நாலே ஜாஸ்தி. கை சின்னதா இருக்கிறவங்க 30 இஞ்ச் ஷார்ட் ஸ்கேலைத் தயங்காம எடுங்க. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியோட வயலின் ஷேப் ஹாஃப்னர் பேஸ் அந்த ரகம்தான். 1961-ல ஹாம்பர்க்ல, கையில இருந்த காசுக்குத் தோதா சுமார் 30 பவுண்டுக்கு வாங்கினது அது. 1972-ல திருடு போய், அம்பது வருஷம் கழிச்சுத் திரும்பக் கிடைச்ச சேதி 2024-ல வந்தது. உலகத்துலயே ஃபேமஸான பேஸ் ஒரு பட்ஜெட் பேஸ், நோட் பண்ணிக்குங்க!

கடையில பத்து நிமிஷம் போதும். சென்னைக்குப் போனா அண்ணா சாலையில 1842-ல ஆரம்பிச்ச மியூஸி மியூசிக்கல் மாதிரி பழுத்த கடைகள் இருக்கு, எடுத்து வாசிச்சுப் பாருங்க. தலைப்பக்கத்துலேர்ந்து ஒரு கண்ணை மூடி நெக் நேரா இருக்கானு பாருங்க. ஒவ்வொரு கம்பியிலயும் ஒவ்வொரு ஃப்ரெட்டா அழுத்தி மீட்டுங்க. எங்கேயாச்சும் சத்தம் செத்தா வேற எடுங்க. 12-வது ஃப்ரெட்டை அழுத்தி வர்ற ஸ்வரமும், அதே இடத்துல லேசா தொட்டு எடுக்கிற ஹார்மானிக்ஸும் ஒண்ணா இருக்கணும். குமிழைத் திருகுங்க, ஜாக்கை ஆட்டுங்க, கரகரப்பு கூடாது. கடைசியா பட்டையை மாட்டி அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. உட்காந்து வாசிக்கிறப்ப பஞ்சு மாதிரி இருக்கிறது, நிக்கும்போது தோளைப் பேர்த்துடும். செகண்ட் ஹேண்ட்னா பிரிட்ஜ் ஸ்க்ரூவைத்தான் முதல்ல பார்க்கணும். அதுல துருன்னா அந்த கிட்டார் எந்தக் காத்துல வளர்ந்ததுனு புரிஞ்சிடும்.

பேரு பார்த்து எல்லாக் காசையும் கிட்டார்லயே கொட்டாதீங்க. கையில இருக்கிறதைப் பத்துப் பங்காக்குங்க. அஞ்சு பங்கு கிட்டாருக்கு. மூணு பங்கு ஆம்ப்புக்கு. மிச்ச ரெண்டு பங்கு... நல்ல கேபிள், ஒரு உபரி கம்பி செட், கனமான பை, ட்யூனர், செட்டப் கூலி. அந்தக் கடைசி ரெண்டு பங்கைத்தான் எல்லாரும் வெட்டுவாங்க. மேடையில காலை வாருறதும் அதுதான்.

எத்தனை வாட் வேணும்?

'உன் ஆம்ப் 20 வாட், என்னுது 40 வாட். டபுள் சவுண்டு!' இப்படி யாராச்சும் பீத்தினா சிரிச்சுட்டு விட்டுடுங்க. வாட் டபுள் ஆனா 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு டபுளா தெரியணும்னா சுமார் 10 டெசிபல் வேணும், அதாவது பத்து மடங்கு வாட்! அடிக்குரலுக்குக் காத்தை அதிகமா தள்ளணும், அதனால பவர் இன்னும் ஜாஸ்தி கேட்கும். ரூம்ல பழக 15, 20 வாட் போதும். நிஜ டிரம்ஸ் கூட மல்லுக்கட்ட 100 வாட்டாவது வேணும். சாதா கிட்டார் ஆம்ப்ல பேஸைச் சொருகி சத்தத்தை ஏத்தினா ஸ்பீக்கர் கிழியும், ஜாக்கிரதை.

மாணவர் பட்ஜெட்டுக்கு நல்ல வழி டி.ஐ. பாக்ஸ். உள்ளங்கை சைஸ் டப்பா. பேஸ் சிக்னலை நீள கேபிள்ல இரைச்சல் ஏறாத மாதிரி மாத்தி நேரா மிக்ஸருக்கு அனுப்பிடும். மேடையில பெரிய ஸ்பீக்கர் சவுண்டு சர்வீஸ்காரர் கொண்டு வந்திருப்பார் இல்லையா, அதுவே உங்க ஆம்ப். குட்டி டப்பா, பஸ்ல தூக்கிட்டுப் போகலாம்.

விளையாட்டு இல்லை, இது உயிர்

கடைசியா ஒண்ணு. இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

பேஸ் கம்பி பிரிட்ஜ் வழியா, கேபிள் வழியா, ஆம்ப்போட எர்த் கூட சேர்ந்திருக்கு. எர்த் ஒழுங்கா இருந்தா இது பாதுகாப்பு. எர்த் இல்லாத மேடையில ஆம்ப் உள்ளே லீக் ஆனா, நீங்க பிடிச்சிருக்கிற கம்பியிலேயே கரென்ட் வரும். கம்பியில கை, மைக்ல உதடு. ரெண்டுல எதுக்கு எர்த் இல்லைன்னாலும் நடுவுல இருக்கிற ஒயர் நீங்கதான். 1972-ல இங்கிலாந்துக்குப் பக்கத்துல வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ மேடையில, 'ஸ்டோன் த க்ரோஸ்' பேண்டோட கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு ஷாக் அடிச்சு இறந்து போனார்.

நம்ம திருவிழா மேடையை யோசிங்க. ஜெனரேட்டர், மணல்ல ஓடுற ஒயர், உப்பு ஈரம், வெறுங்கால். 'ம்ம்ம்'னு இரைச்சல் வருதுனு பிளக்கோட தடிச்ச பின்னை, அதாவது எர்த் பின்னை, ஒடைச்சு விடுறவங்களை நாம எல்லாருமே பார்த்திருக்கோம். தயவுசெஞ்சு அதை அனுமதிக்காதீங்க. இரைச்சலைக் கட் பண்ண டி.ஐ. பாக்ஸ்ல 'கிரவுண்ட் லிஃப்ட்'னு ஒரு சுவிட்ச்சே இருக்கு. பவர் எர்த்தைத் தொடாமலே அது வேலையை முடிச்சிடும். சவுண்டு செக்குக்கு முன்னாடி ஒரு டெஸ்டரை மைக் வலையிலயும், ஆம்ப் உலோகத்துலயும் வெச்சுப் பாருங்க. மினுக்குனா தொடாதீங்க, மேடை எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மினுக்கலைன்னாலும் 'எர்த் இருக்கா, 30 மில்லிஆம்ப் ட்ரிப் சுவிட்ச் போட்டிருக்கீங்களா அண்ணே?'னு ஒரு வார்த்தை கேளுங்க. காலுக்கு ரப்பர் செருப்பு. ஸ்டைல் போனா போகுது!

அமெரிக்காவுல மோட்டவுன் கம்பெனி பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன், ஒரே ஒரு ஆள்காட்டி விரலாலதான் மீட்டுவார். கம்பி அறுந்தாலொழிய மாத்தவே மாட்டார். கையில ஒரு 1962 மாடல் ப்ரிசிஷன். அவ்வளவுதான் அவர் சொத்து! (நம்ம உப்புக் காத்துல கம்பி விஷயத்துல மட்டும் அவரை ஃபாலோ பண்ணாதீங்க.)

அடுத்த கல்ச்சுரல்ஸ்ல மேடை ஓரமா, டிரம்ஸுக்குப் பக்கத்துல, தலையை லேசா ஆட்டிக்கிட்டு ஒருத்தர் நிப்பார். பாட்டு முடிஞ்சதும் அவருக்கும் ஒரு விசில் போடுங்க மக்களே. அவர் நிக்காம வாசிச்சதாலதான் நீங்க நிக்காம ஆடினீங்க!