எங்க ஊர்ல எத்தனை சென்டிமீட்டர், சார்?

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் ரெண்டே ரெண்டு ஊர்கள்தான். ஒன்று நுங்கம்பாக்கம். இன்னொன்று மீனம்பாக்கம். மற்ற இடங்களில் பெய்வதற்குப் பெயர் 'பரவலாக'.

"கடலோர மாவட்டங்களில் அநேக இடங்களில், உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்" என்று டி.வி.யில் வாசிக்கும்போதெல்லாம் விருத்தாசலத்துக்காரனுக்குத் தலை சுற்றும். நாங்கள் கடலூர் மாவட்டம். அதனால் கடலோரம். ஆனால் கடலைப் பார்க்க அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போகணும். இப்போ நாங்க அநேகமா, ஓரிருவா?

சுந்தரர் எங்க ஊர் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். நாங்களும் அதே பரம்பரைதான். இங்கே பெய்த மழையை நுங்கம்பாக்கத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மழைக்குக் கணக்கு ஒன்றும் புதுசு இல்லை. பண்டகசாலைக்கு முன்னால் ஒரு பாத்திரத்தை வைத்து மழையை அளக்கச் சொன்னவர் கௌடில்யர். அந்தக் கணக்கைப் பார்த்து விதைக்கவும் சொன்னார். நம்ம பஞ்சாங்கத்தில் மரக்கால். விவசாயிக்கு 'ஓர் உழவு மழை'. நமக்கு சென்டிமீட்டர்.

ஒரு சென்டிமீட்டர்தானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். சதுர மீட்டருக்கு 10 லிட்டர். ஒரு ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கு 'அதி கனமழை' என்று பெயர். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அளப்பது காலை 8.30-க்கு. நேற்று 8.30 முதல் இன்று 8.30 வரை பெய்தது எல்லாம் இன்றைய கணக்கு. அதாவது செவ்வாய் ராத்திரி பூரா உங்களைத் தூங்கவிடாமல் கொட்டிய மழை, புதன்கிழமை பெயரில் பதிவாகும். ஓவர்டைம் இந்த மாசம், பணம் அடுத்த மாசம் என்கிற மாதிரி.

இதில் பெரிய சிக்கல், மழைக்கு ஏரியா விசுவாசம் ஜாஸ்தி. 2015 டிசம்பர் 1-ம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. தாம்பரத்தில் 49. ரெண்டுக்கும் நடுவே மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம். 'சென்னையில் எவ்வளவு மழை?' என்று யாராவது கேட்டால், 'எந்த ஸ்டேஷன்ல இறங்குவீங்க?' என்றுதான் திருப்பிக் கேட்கணும்.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். அங்கே கொட்டுவது பனி. பலகையை வைத்து, ஸ்கேலை நட்டு அளக்கிறார்கள். 2016 ஜனவரிப் பனிப்புயலில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 27.5 அங்குலம். அதே ஊர் கென்னடி விமான நிலையத்தில் 30-க்கும் மேல். வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் கதையே வேறு. கொட்டின கொட்டில் அளவுப் பலகையே பனிக்குள் தொலைந்துவிட்டது! 17.8 அங்குலம் என்று அறிவித்தார்கள். ஊரே சண்டைக்கு வந்தது. விசாரணைக்கு ஒரு குழு போட்டார்கள். குழு போடுவதில் அவர்களும் நம்ம ஜாதிதான்.

ஆனால் அளந்து எழுதி வைத்ததால்தான் சில விஷயங்களை நம்பவே முடிகிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. சென்னைக்கு வடகிழக்குப் பருவம் முழுக்கக் கிடைப்பதே சராசரி 80-ஐ ஒட்டித்தான். அந்த ஊரில் மட்டும் ஒரு மழைமானி இல்லாமல் இருந்திருந்தால், "ரொம்ப மழைங்க" என்று சொன்னவரை, "எல்லா ஊர்லயும்தான்யா" என்று உட்கார வைத்திருப்போம்.

மழைமானிக்குப் புயலென்றால் கொஞ்சம் உதறல். காற்று பலமாக அடித்தால் துளி பாத்திரத்தில் விழாமல் பக்கவாட்டில் ஓடிவிடும், கணக்கு குறையும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் எங்க மாவட்டத்தில் கரை ஏறியபோது பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அந்த நஷ்டத்தை எந்த சென்டிமீட்டரில் எழுதுவது?

நண்பர் ஒருவர் இங்கே பீங்கான் அகல் விளக்கு செய்கிறார். கார்த்திகை தீபம் அவருக்குத் தீபாவளி. அது வருவதோ சரியாக மழைக்காலத்தில். "பச்சை அகல் காயணும் மச்சான். ஈரத்தோட சூளைல வெச்சா பட்டு பட்டுன்னு தெறிச்சுடும்" என்பார். போன மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஆறாயிரம் அகல் மறுபடி களிமண்ணாகிவிட்டது. கடன் தவணைக்கு அவகாசம் கேட்டுப் போனார்.

"உங்க பக்கம் எவ்வளவு மழை?"

"முழங்கால் வரைக்கும், சார்."

"சென்டிமீட்டர்ல சொல்லுங்க."

நண்பர் முழங்காலை அளந்து சொன்னார். அதை எந்த ஃபார்மில் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவகாசம் கிடைக்கவில்லை. அவருடைய கையெழுத்தை மதிக்கிறார்கள், ரேஷன் கார்டை மதிக்கிறார்கள். அவர் தலையில் பெய்த மழையை மட்டும் மதிக்க ஆளில்லை.

அதனால் ஒரு யோசனை சொன்னேன். மழைமானி என்பது ராக்கெட் சமாசாரம் இல்லை. வாயும் அடியும் ஒரே அகலமாக, நேராக நிற்கிற எந்த ஜாடியும் போதும். மரமோ கூரையோ மறைக்காத வெட்டவெளியில் வைத்து, காலையில் ஸ்கேலை விட்டால் மழை எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துவிடும். கழுத்து குறுகின ஊறுகாய் ஜாடி உதவாது. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதணும். சர்க்கார் ஒப்புக்கொள்கிறதோ இல்லையோ, தெருவுக்கு ஒரு நோட்டு இருந்தால் அடுத்த தடவை முழங்காலைக் காட்ட வேண்டாம். பீங்கான் செய்கிற ஊருக்கு நாலு நேரான ஜாடி செய்வதா கஷ்டம்?

நண்பர் உடனே இருபது ஜாடி வார்த்துவிட்டார். சூளையில் வைத்தாரா?

"மழை நிக்கட்டும் மச்சான். ஜாடி இன்னும் காயல."