பாறை என்னும் பிழை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் தமிழ்வழி படித்தோர்க்கு ஒரு பேறு உண்டு: ஒரு பொருளின் இரு பெயர்கள் காதில் விழும். நம் பாடநூல் பவளப்பாறை என்கிறது. அடுத்த வகுப்பறையில் அதுவே பவிழப்புற்று. பாறை கிடப்பது, புற்று உயிர்கள் கட்டுவது. மொழியியல் முதுகலை முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மலையாளச் சொல்லே அறிவியலுக்கு அணுக்கமானது. சினம்கொள்ளும் தமிழ்ப்பற்றாளர்கள், புற்று தமிழ்ச்சொல்லும்தான் என்பதை நினைவிற் கொள்க.

பொருள் விளங்கினால் போதாதா எனத் துறை நண்பர்கள் கேட்கின்றனர். விளங்கவில்லை என்பதே என் வாதம்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டு மீன்தொட்டியில் மென்பவளம் ஒன்று இருந்தது. (கடினப் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன; அவற்றை வீட்டில் வைப்பது குற்றம்.) பழைய குழல்விளக்கை மாற்றி எல்.இ.டி. பொருத்திய ஒரு வாரத்தில் அது வெளிறியது. வெளிச்சம் போதவில்லை என்றெண்ணி வீட்டுக்காரர் மேலும் கூட்டினார். பின்னர், "செத்துப் போச்சு, இனி இது வெறும் கல்லுதான்" என்று கொல்லையில் எறிந்தார். அவரும் முதுகலைப் பட்டதாரி. மென்பவளத்துக்குக் கல்லாலான எலும்புக்கூடே கிடையாது! கண்ணை வென்றது பாடநூற்சொல்.

அது செத்திருக்கவில்லை. பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியைக்கொண்டு உணவாக்கி அதற்கு ஊட்டுகின்றன. ஒளியோ வெப்பமோ மிகும்போது அவை நச்சாகின்றன; பவளம் அவற்றை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போகிறது, உயிர் பட்டினியோடு நிற்கிறது. அப்போது ஒளியைக் குறைக்க வேண்டும், தொட்டியின் அடியில் நிழலில் வைக்க வேண்டும், நுண்ணிய மிதவையுயிர்களை இரையாகத் தர வேண்டும். பாசிகள் மீண்டும் பெருக வாரங்கள், சிலவேளை மாதங்கள் ஆகும். புதுவிளக்கையும் முதலில் பாதி ஒளியில் தொடங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகவே கூட்டியிருக்க வேண்டும். கல்லுக்கு இத்தனை பொறுமையை யார் காட்டுவார்? பழந்தமிழில் வெளிறு என்பதற்கு அறியாமை என்றும் பொருளுண்டு. இங்கே வெளிறு யாருடையது?

தொட்டியோடு நின்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். மன்னார் வளைகுடாவில் பவளத்தைச் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்தோம்; பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் போயின. சொல்தான் வெட்டியது என்று நான் கூறவில்லை. வெட்டியவர் கை கூசாதிருக்க அது உதவியது. 2010இலும் 2016இலும் எஞ்சியவை வெப்பத்தால் வெளிறின. வெளிறியதையெல்லாம் அழிந்தது என்றே நாம் பேசுகிறோம். அழிந்ததற்கு யாரும் நிழல் தேடுவதில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோ 2020இல் பெருந்தடுப்புப் பவளத்திட்டின்மேல் கடல்நீர்த் துகள்களைக் காற்றில் தூவி, முகிலுக்கு வெண்மையேற்றி, வெயிலைத் தணிக்க இயலுமா என்று சோதித்தனர். உயிருண்டு என்று நம்புவோரே அப்படி முயல்வர்.

புற்று என்றால் புற்றுநோய் நினைவுக்கு வரும் என்றொரு மறுப்பு எழுந்தது. பாம்புப் புற்றுக்குப் பாலூற்றும் நாட்டில் அது வலுவான மறுப்பன்று. என் ஆய்வேட்டில் இனிப் பவளப்புற்று என்றே எழுதுவேன். நெறியாளர் சிவப்புக் கோடிட்டால், இப்பதிவையே அச்சிட்டு நீட்டுவதாக உத்தேசம்.