சொல்லிவிட ஓர் ஆள்

2024 ஜூன் மாதம் நடந்த குரூப் 4 தேர்வுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்களோ 6,244. நம் தெருவில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் பலரும் அந்த வரிசையில்தான் ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள். பகலில் ஜவுளிக்கடை, பெட்ரோல் பங்க், பனியன் கம்பெனி. இரவில் தேர்வுக்குப் படிப்பு. அப்படியே வயது முப்பதைத் தொட்டுவிடுகிறது. அரசு வேலையில் பட்டியல் சாதியினருக்கு உள்ள 18 விழுக்காடு இடஒதுக்கீடு நம் உரிமை. அதை ஒருபோதும் விட்டுத்தர முடியாது. அதே வேளையில், இடஒதுக்கீடே இல்லாத தனியார் துறைக்குள் நம் பிள்ளைகள் எந்த வழியாக நுழைவது என்பதையும் பேசியாக வேண்டும்.

அத்தகைய வழிகளில் ஒன்று மென்பொருள் துறை. அது பொறியியல் படித்தவர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. தமிழ் இலக்கியமும் வரலாறும் வணிகவியலும் படித்தவர்கள்கூட, இடையில் வேறு வேலை பார்த்துவிட்டு, இத்துறைக்கு மாறியிருக்கிறார்கள். கற்கத் தேவையான கருவிகளுக்குக் காசு கிடையாது. லினக்ஸ், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எதற்கும் உரிமக் கட்டணம் இல்லை. ஆங்கிலம்தான் தடை என்போருக்கு, 2012 முதல் இயங்கிவரும் ‘கணியம்’ எளிய தமிழில் நூல்களை இலவசமாகத் தருகிறது. ஒரு பழைய லேப்டாப்பும், நாள்தோறும் இரண்டு மணி நேரமும், ஓராண்டுப் பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

பிறகு ஏன் தொடங்கியவர்களில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? தனியாகப் படிப்பதுதான் முதற்காரணம். புரோகிராமில் ஒரு பிழை வந்தால், அனுபவசாலி பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீரும். யாருமில்லாதவருக்கு அதுவே மூன்று நாள் தலைவலி. மூன்றாம் நாள், ‘இது நமக்கு வராது’ என்ற பழைய குரல் காதில் கேட்கத் தொடங்கிவிடும். தலைமுறை தலைமுறையாக நம்மிடம் சொல்லப்பட்ட பொய் அல்லவா அது!

இரண்டாவது காரணம் சிபாரிசு. கம்பெனிகள் இதை ‘ரெஃபரல்’ என்கின்றன. உள்ளே வேலை செய்பவர் தமக்குத் தெரிந்த ஒருவரின் பெயரைக் கொடுத்தால், அந்த விண்ணப்பம் முன்னால் போகும். யாருக்கு யாரைத் தெரியும்? சித்தப்பா மகனும் சொந்தச் சாதி நண்பனும் உள்ளே இருப்பவருக்குச் சொல்லிவிட ஆள் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு யார் இருக்கிறார்கள்? பேராசிரியர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுகூரத் தக்கது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சமூகப் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. திறமைக்கு மட்டுமே இடம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மற்றவர்களுக்குச் சாதி வலைப்பின்னல் சத்தமில்லாமல் செய்துதருவதை, நாம் அமைப்பாகத் திரண்டு வெளிப்படையாகச் செய்ய வேண்டியிருக்கிறது. இது நடக்காத காரியமல்ல. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கட்டணமின்றிக் கற்றுத்தருகிறது. சொல்லிக்கொடுப்பவர்கள் தன்னார்வலர்கள். அங்கு சாதி பார்த்துச் சேர்ப்பதில்லை. அறிவைப் பூட்டிவைக்கக் கூடாது என்பதே கட்டற்ற மென்பொருளின் அடிப்படை. படிப்பு மறுக்கப்பட்ட மக்களுக்கு அதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘மூன்று மாதத்தில் வேலை உறுதி’ என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களை நம்பி அம்மாவின் தோட்டை அடகு வைக்காதீர்கள். அனுபவமற்றவர்களுக்கு இன்று இத்துறையில் வேலை எளிதாகக் கிடைப்பதில்லை. கையிலிருக்கும் வேலையை விடாமல் கற்றுக்கொள்ளுங்கள். சான்றிதழ்களைச் சேர்ப்பதைவிட, நீங்களே செய்த இரண்டு, மூன்று மென்பொருள்களைக் காட்டுவது பலன் தரும். உங்கள் ஊர் மகளிர் குழுவின் கணக்கை எழுதும் ஒரு சிறு செயலியாகக்கூட அது இருக்கலாம்.

அரசிடமும் நாம் கேட்க வேண்டியது இருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலை நேரக் கணினி வகுப்பும் தடையில்லாத இணையமும் வேண்டும். 1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோ, திறன் பயிற்சியோடு நின்றுவிடாமல், பயிற்சி முடித்தவர் வேலையில் சேரும்வரை வழிகாட்ட வேண்டும். வெளியூர் சென்று படிக்க வீட்டில் அனுமதி கிடைக்காத பெண்களுக்கு இவ்வகுப்புகள் அவரவர் ஊரிலேயே நடக்க வேண்டும்.

ஏற்கெனவே சென்னையிலும் பெங்களூருவிலும் இத்துறையில் இருக்கும் நம் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உங்கள் பழைய லேப்டாப்பை இரவுப் பாடசாலைக்குக் கொடுங்கள். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அலைபேசி வழியாகவேனும் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள். நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று கேட்டுப் பழக்குங்கள். அவர்கள் தயாரானதும் உங்கள் கம்பெனியில் அவர்கள் பெயரைத் தயங்காமல் கொடுங்கள். சொல்லிவிட ஆளில்லாமல் நின்ற நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த ஆளாக இப்போது நீங்கள் இருக்கலாம்.