ஊசியும் ஆண்மையும்

கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் ஆண்மை போய்விடும் என்ற வதந்தி, ஊசி மருந்து ஜனங்களுக்கு எட்டுமுன்பே தேசமெங்கும் பரவிவிட்டபடியால், 2021 ஜனவரி 3ஆம் தேதி இரண்டு தடுப்பூசிகளுக்கு அனுமதி வழங்கிய இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி, அன்றே அது முழு அபத்தம் என்றும் சொல்ல நேர்ந்தது. அவர் சொல்லியும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

நெருக்கடி நிலையின்போது, 1976இல், ஆண்களைப் பலவந்தமாகக் கருத்தடைச் சிகிச்சைக்கு இழுத்துச் சென்ற கொடுமையை அறிந்த வடநாட்டுக் கிராமத்தார், சர்க்கார் நீட்டும் ஊசியைக் கண்டு மிரண்டதில் ஆச்சரியமில்லை. ஆயினும் சந்தேகிப்பதற்கு நியாயம் இருப்பதனாலேயே சந்தேகிக்கப்பட்ட பொருள் குற்றவாளி ஆகிவிடாது. மயாமி சர்வகலாசாலையில் 45 ஆண்களின் விந்தை ஊசிக்கு முன்னும் பின்னும் பரிசோதித்து 2021இல் வெளியிட்ட முடிவில், விந்தணுக்களின் எண்ணிக்கையோ சலனமோ குறைந்ததாக இல்லை. அங்கே போட்டது எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசி, நம்முடையது வேறு என்று தடை சொல்வோர், நம் ஊசியால் ஆண்மை அழிந்ததென்று காட்டும் ஒரு பரிசோதனையையேனும் கொண்டுவரட்டும்.

நோயின் கதையோ வேறு. பெல்ஜியத்தில் கொரோனாவிலிருந்து தேறிய 120 ஆண்களைச் சோதித்தபோது, தேறி ஒரு மாதத்துக்குள் விந்து கொடுத்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு விந்தணுக்களின் சலனமும் 37 பேருக்கு எண்ணிக்கையும் குறைந்திருந்தன. இரண்டு மாதம் கடந்தவர்களிடம் அவை முறையே 28, 6 என்று இறங்கின. தேகத்தின் பொது உஷ்ணத்தைவிடச் சற்றுக் குளிர்ந்திருந்தால்தான் விரைகளில் விந்தணு செவ்வனே விளையும் என்பதும், கடும் ஜுரம் அந்த விளைச்சலைக் கெடுக்கும் என்பதும் வைத்தியர்கள் நெடுநாளாய் அறிந்தவை. அதன்மேல், வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏஸ்-2 என்ற புரதம் விரைத் திசுக்களிலும் உண்டு. ஆண்மையைக் காப்பதாக எண்ணி ஊசிக்கு ஒளிந்தவர், அதற்கு ஊறு செய்யவல்ல நோய்க்கே கதவைத் திறந்து வைத்தார்.

இதைக் கேட்டவுடன், நோய் வந்தவனுக்குச் சந்ததியே இல்லை என்று எதிர்த் திசையில் பீதி கிளப்புவதும் அதே அறியாமைதான். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகுமாதலால், ஜுரத்தில் கெட்ட விளைச்சலுக்குப் பதில் புது விளைச்சல் வரப் பெரும்பாலோருக்குச் சில மாதப் பொறுமையே போதும். அதன்பின்னும் ஐயமிருப்பவர் விந்துப் பரிசோதனை செய்துகொண்டு தகுந்த டாக்டரிடம் போகட்டும். மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து, இல்லாத வியாதிக்கு லேகியம் விற்கிறவர்களிடம் போக வேண்டாம். ஊசி வதந்தியால் உண்மையிலேயே விருத்தியடைந்தது அவர்களுடைய வியாபாரம் ஒன்றுதான்.