நர்ஸ் என்றால் ஏவல் ஆளா?

டாக்டர் முடிவெடுப்பார், நர்ஸ் அதைச் செய்வார். மருத்துவமனையைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் நம்பிக்கை இதுதான். நோயாளியின் உறவினர் அப்படி நினைக்கிறார், நிர்வாகம் அப்படி நினைக்கிறது, செவிலியர்களில் பலருக்கே அது பழகிப்போய்விட்டது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நடப்புக்கு இது கொஞ்சமும் பொருந்தாது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அரியலூருக்கு ஒன்று கிடைத்தது, பெரம்பலூருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கல்லூரி கிடைத்த ஊரிலும் சரி, கிடைக்காத ஊரிலும் சரி, கிராமத்து நோயாளி முதலில் பார்ப்பது நர்ஸம்மாவைத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரப் பிரசவ சேவை என்று தமிழ்நாடு பெருமையாகச் சொல்லிக்கொள்வதே, ஷிப்ட் போட்டு வேலைபார்க்கும் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை நம்பித் தொடங்கிய ஏற்பாடுதான். இரவில் டாக்டர் பெரும்பாலும் போனில்தான் கிடைப்பார். வேப்பந்தட்டைப் பக்கமோ ஆண்டிமடம் பக்கமோ நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் தலைவலி, கண் மங்கல் என்று நள்ளிரவில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம் 160/110. இது வெறும் தலைவலி இல்லை, வலிப்பில் கொண்டுபோய் விடும் என்று அந்த நிமிடத்தில் கண்டுகொள்ள வேண்டியவர் நர்ஸ். சிறுநீரில் புரதம் பார்ப்பதும், 108ஐ அழைப்பதும் அவர்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனை போதுமா, நேரே திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போக வேண்டுமா என்று நிலைமையைப் பார்த்துச் சொல்லக்கூடியவரும் அவர்தான். வலிப்பு வந்துவிட்டால், பிட்டத்தில் பக்கத்துக்கு 5 கிராம் வீதம் மெக்னீசியம் சல்ஃபேட் முதல் டோஸைப் போட்டு அனுப்ப மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டி நெறியே அவருக்கு இடம் கொடுக்கிறது. இத்தனைக்குப் பிறகும் முடிவெடுத்தவர் நர்ஸ் என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண் இறந்துபோனால் மட்டும், மாவட்ட அளவிலான பேறுகால மரணத் தணிக்கையில் “ஏன் தாமதம்?” என்ற கேள்விக்கு அவரும் பதில் சொல்ல வேண்டும். பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், ரத்தக் குழாயில் போடும் வடிகுழாய் வழியாகப் பரவும் தொற்றைத் தடுக்க ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கை கழுவுவது போன்ற ஐந்தாறு விதிகள், அவ்வளவுதான். கூடவே, அவசரம் இல்லாத நேரத்தில் டாக்டர் விதியை மீறினால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்தார்கள். 18 மாதங்களில் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது என்று 2006இல் அதன் முடிவு வெளியானது. கை கழுவ வேண்டும் என்பது எந்த டாக்டருக்குத்தான் தெரியாது? புதிதாக வந்தது, “நிறுத்துங்கள் சார்” என்று சொல்ல ஒருவருக்குக் கிடைத்த உரிமை.

ஏழைக்கு நர்ஸ், பணக்காரருக்கு டாக்டரா என்று கேட்பார்கள். 2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, சமுதாய சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தர முன்வந்தபோது, போலி மருத்துவத்துக்குச் சட்ட அங்கீகாரம் என்று இந்திய மருத்துவச் சங்கம் வேலைநிறுத்தமே செய்தது. கவலை பொய்யில்லை. ஆனால் நான் கேட்பது டாக்டரின் நாற்காலியை அல்ல. ஏற்கெனவே நர்ஸ் எடுத்துவரும் முடிவுகளை எழுத்தில் கொண்டுவாருங்கள். எந்த நிலையில் யாரையும் கேட்காமல் மருந்து தரலாம், எப்போது ரெஃபர் செய்யலாம் என்ற நிலையாணைகளை வகுக்கும் கூட்டத்தில் அவரையும் உட்காரவையுங்கள். பயிற்சி போதாது என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். எல்லா நர்சிங் கல்லூரிகளும் ஒரே தரமில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால், பயிற்சி போதாதவரை நள்ளிரவில் தனியாகப் பிரசவ அறையில் நிறுத்தியது யார்? பகலில் மட்டும் எழும் ஆட்சேபம் இது.

இதில் சம்பளத்துக்கும் பங்குண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் நிலையாணைப் புத்தகத்தைக் கொடுத்தாலும், இரவு இரண்டு மணிக்குப் போனில் கோபப்படும் டாக்டரிடம் அவர் “இல்லை சார், இந்தக் கேஸை இப்போதே அனுப்ப வேண்டும்” என்று அழுத்திச் சொல்ல மாட்டார்.