‘போதும்’ என்று சொல்வது யார்?

மாணவர்களே, உயிரணுவுக்குத் தகவல் எப்படிப் போகிறது என்று கேட்டால் மூன்று அம்புக்குறி போடுகிறீர்கள்: வேதிப்பொருள் வருகிறது, ஏற்பியில் ஒட்டுகிறது, உயிரணு செயல்படுகிறது. அதோடு பேனாவை மூடிவிடுகிறீர்கள். ‘சரி, அது எப்போது நிற்கும்?’ என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். என்னைக் கேட்டால், இந்தக் கேள்விக்குத்தான் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும்.

விரலைக் கத்தி வெட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காயம்பட்ட இடத்தில் வளர்ச்சிக் காரணி எனப்படும் சிறு புரதங்கள் வெளியாகின்றன. அவற்றுள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட விதமே வேடிக்கையானது. ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை, பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தினார். அவை வழக்கமான நாளுக்கு முன்பே கண் திறந்தன. பல்லும் சீக்கிரம் முளைத்தது! அதன் காரணத்தைத் தேடிப் போனவருக்கு 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. ரீட்டா லெவி மோந்தல்சினியும் அதைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தப் புரதமே உட்கருவுக்குள் போய்ச் செய்தி சொல்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் வேலை வாசலோடு சரி. சவ்வின் குறுக்கே நிற்கும் ஏற்பியை அது வெளிப்புறத்தில் பற்றுகிறது. உடனே இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. உயிரணுவுக்குள் நீளும் அவற்றின் வால்கள் ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. அந்த அடையாளத்தில் வந்து ஒட்டும் உதவிப் புரதங்கள், சவ்வின் உட்புறத்திலுள்ள ராஸ் என்ற புரதத்தை இயக்குகின்றன. அங்கிருந்து ராஃப், மெக், எர்க் எனச் செய்தி கைமாறுகிறது. எர்க் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களைத் தூண்டிவிடுகிறது. உயிரணு பிரிகிறது, புண் ஆறுகிறது.

எஸ்.பி.எம். தேர்வில் இந்தப் பெயர்களை யாரும் கேட்கப்போவதில்லை. மனனம் செய்ய வேண்டாம். ராஸை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்.

ராஸ் ஒரு விசை. மூன்று பாஸ்பேட் கொண்ட ஒரு மூலக்கூறு அதில் ஒட்டியிருக்கும்வரை இயங்கும். ஒரு பாஸ்பேட்டை வெட்டிவிட்டால் அணைந்துவிடும். வெட்டுவதும் ராஸ்தான், இன்னொரு புரதத்தின் துணையோடு. ராஸின் 12ஆவது இடத்தில், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் இருக்கிறது. அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்தால் வெட்டும் வேலை கெடுகிறது. வாசலில் யாருமே இல்லாதபோதும் ‘பிரி, பிரி’ என்ற செய்தி உட்கருவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மனிதப் புற்றுக்கட்டியில் இந்த மாற்றத்தை 1982இல் கண்டார்கள். இன்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு புற்றுநோயாளிக்கு ராஸ் மரபணுக்களில் ஏதோ ஒரு மாற்றம் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோய்க்கு செட்டுக்சிமாப் என்றொரு மருந்து உண்டு. அது ஏற்பியை வெளியிலிருந்தே மறித்துவிடும். ஆனால் ராஸ் கெட்டுப்போன நோயாளிக்கு அதனால் பயனில்லை. விசை வீட்டுக்குள் சிக்கியிருக்க, வாசலை அடைத்து என்ன செய்ய? அதனால்தான் மருந்து கொடுக்கும் முன் மருத்துவர்கள் ராஸ் மரபணுவைச் சோதிக்கிறார்கள். அம்புக்குறிகளில் எது முன், எது பின் என்பது அங்கே ஒருவரின் சிகிச்சையையே தீர்மானிக்கிறது. கெட்ட ராஸையே பிடிக்கும் மருந்துக்கு, அதுவும் ஒரு வகை மாற்றத்துக்கு மட்டும், அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2021இல்தான்.

அடுத்த முறை அம்புக்குறி போடும்போது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை நிறுத்துவது யார் என்று எழுதிப் பாருங்கள். ஏற்பிக்கான விடையை நானே சொல்லிவிடுகிறேன்: உயிரணு அதை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். எர்க்கை நிறுத்துவது யார்? சேர்த்த பாஸ்பேட்டை யாராவது எடுக்கத்தானே வேண்டும்? தேடிக் கண்டுபிடித்து உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.