காசநோயும் நம் சங்கங்களும்

தாராவியில் ஒரே அறையில் எட்டுப் பேர் பாய் விரித்துப் படுக்கிறார்கள். ஒருவருக்கு இருமல் மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. அறையில் முணுமுணுப்பு எழுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் காசநோய் என்று சொல்லிவிடுவார்களோ, சொன்னால் அறையும் வேலையும் போய்விடுமோ என்று அஞ்சி, அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார். பம்பாய்த் தமிழர்களுக்கு இது புதிய கதையல்ல.

நோயாளியை விரட்டுவது எவ்வளவு பேதைமை என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டியதே நம் சென்னை நகரம்தான். 1956-ல் அங்கு ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரை நல்ல உணவும் ஓய்வும் உள்ள சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை நெருக்கடியான அவரவர் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. நோயைக் கண்டுபிடித்து மருந்து தொடங்குவதற்கு முன்புதான் ஆபத்து அதிகம். ஆகவே அறை நண்பர்கள் செய்ய வேண்டியது, ஜன்னலைத் திறந்து வைத்து, தாங்களும் பரிசோதனை செய்துகொள்வதே.

அடுத்த தொல்லை, மருந்தைப் பாதியில் விடுவது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. அரசு மருத்துவமனைகளில் இலவசம். இரண்டாவது மாதத்தில் இருமல் அடங்கி, உடம்பு தேறிவிடும். அதற்குள் ஊரில் அம்மன் கோயில் கொடை வந்துவிடும்! போனவர் மருந்தை மறந்து விடுகிறார். இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். பிறகு வைத்தியமும் கடினம். புறப்படுமுன் டிஸ்பென்ஸரியில் சொன்னால், நோயாளியின் நிக்ஷய் பதிவை ஊருக்கு மாற்றித் தருவார்கள்; அங்கே மருந்து தொடரும். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கேதான் நம் தமிழ்ச் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. மருந்து சாப்பிட்டாரா என்று தினமும் கேட்க நோயாளிக்கு ஒருவர் வேண்டும். அவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. மெஸ் நடத்துகிறவராக இருக்கலாம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் அரசு தருகிறது. பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கில்லாத தொழிலாளிக்குப் பாரம் நிரப்பித் தர, ஆபீஸில் வேலை பார்க்கும் நம் வாசகர்கள் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா? 2022-ல் தொடங்கிய நிக்ஷய் மித்ரா திட்டத்தின் கீழ் சங்கங்கள் உணவுக் கூடையும் வழங்கலாம். ஆனால் கூடையோடு படம் எடுத்துக்கொள்வது ஒரு நாள் வேலை. ஆறு மாதம் கூடவே நடப்பது வேறு.

அரசின் பொறுப்பும் தீர்ந்துவிடவில்லை. 2025-க்குள் நோயை ஒழிப்போம் என்றார்கள். அந்த ஆண்டு வந்து போய்விட்டது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறையக் கால் பங்கினர் இன்னும் நம் நாட்டில்தான். 2024-ல் பல மாநிலங்களில் மருந்துத் தட்டுப்பாடே ஏற்பட்டது. மருந்து இல்லையென்று கைவிரித்தால், அன்றே வார்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்கவும் சங்கத்தார்தான் முன்வர வேண்டும். தனியாகப் போகும் தொழிலாளியை 'நாளை வா' என்று அனுப்பிவிடுவார்கள்.